முதலைச் சுறா: மீன் கடையில் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

எங்கள் கடை ஈரோட்டில். அப்பா ஆரம்பித்தது, விலங்கியல் படித்துவிட்டு நான் வந்து கல்லாவில் உட்கார்ந்தேன். புரட்டாசி முடிந்து கூட்டம் நெரியும் முதல் ஞாயிறு அன்று, கொச்சியிலிருந்து வந்த சூரைப் பெட்டி ஒன்றில் ஐஸுக்கு அடியில் யாரும் கேட்டு வாங்காத ஒரு மீன் கிடந்தது. கருப்பட்டி நிறம், சுருட்டு மாதிரி உடம்பு, ஒட்டவைத்தது போலச் சின்னச் சின்னத் துடுப்புகள். கண் மட்டும் ஒரு சிறிய எலுமிச்சம்பழம் அளவு. டேப் வைத்து அளந்தேன்: 96 செ.மீ. தராசில் 4 கிலோ 200 கிராம்.

பலகை மேல் வைத்ததிலிருந்து ஒரே கேள்விதான். வஞ்சிரம் வாங்க வந்தவர்கள் வஞ்சிரத்தை மறந்துவிட்டு இதைப் பற்றிக் கேட்டார்கள். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன்.

ஏனுங்க தம்பி, இது பால் சுறாதானுங்களே?

இல்லைங்க அக்கா. நீளம் ஏறக்குறைய அதேதான், அதனால் குழப்பம் வரும். இது முதலைச் சுறா; ஆங்கிலத்தில் க்ரோக்கடைல் ஷார்க் என்பார்கள். அறிவியல் பெயர் சூடோகார்காரியாஸ் கமோஹராய். 1936-ல் ஜப்பானிய மீனியல் அறிஞர் மட்சுபாரா இதை முதன்முதலில் விவரித்து எழுதினார். பெயரில் இருக்கும் கமோஹரா இன்னொரு ஜப்பானிய மீனியலாளர்.

நம்ம ஊர் முறையில் சொன்னால், பால் சுறா வேறு கூட்டம், இது வேறு கூட்டம். பால் சுறாவுக்குக் கொம்பன் சுறா தூரத்துப் பங்காளி. இதற்குப் பங்காளிகள் யார் தெரியுமா? பெரிய வெள்ளைச் சுறா, மாக்கோ சுறா, வால் நீண்ட கதிர்வால் சுறா, ஆழ்கடல் பூதச் சுறா. அந்த வரிசையில் ஆறு மீட்டர், பத்து மீட்டர் ஆட்கள் எல்லாம் உண்டு. அவர்களுக்குள் மிகச் சின்னது இதுதான். பெரும்பாலும் ஒரு மீட்டரைச் சுற்றியே நின்றுவிடும். இதன் குடும்பத்தில் இப்போது உயிரோடு இருப்பது இந்த ஓர் இனம் மட்டும்.

கடையில் வைத்துப் பிரித்துப் பார்க்க மூன்று இடம் போதும். பால் சுறாவுக்குக் கண்ணின் உள்ளே ஒரு சவ்வு மூடும். இதற்கு அது கிடையாது. செவுள் பிளவுகள் ஐந்தும் நீளமாகப் போய்த் தலையின் மேல்பக்கம் வரை ஏறும். துடுப்பு ஓரங்களில் மெல்லிய வெள்ளைக் கரை ஓடும், வேட்டிக் கரை மாதிரி.

முதலைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

பல்லும் கோபமும். ஜப்பானில் இதை மிசுவானி என்கிறார்கள். தண்ணீர் முதலை என்று பொருள். தூண்டிலில் ஏறிப் படகுக்குள் வந்ததும் தலையை இப்படியும் அப்படியும் வீசி, கிட்டே வந்த எதையும் கவ்வப் பார்க்குமாம். அதனால் வந்த பெயர்.

வாயைக் கட்டை விரலால் விரித்துப் பார்த்தேன். முன்பற்கள் கோணி ஊசி மாதிரி நீளமாக, மெல்லிசாக, உள்பக்கம் சாய்ந்து நிற்கின்றன. அறுக்கிற பல் இல்லை, குத்திப் பிடிக்கிற பல். வழுக்கி ஓடும் கணவாயைப் பிடிக்க ஏற்ற பல். தாடையைக் கொஞ்சம் இழுத்தால் மேசை டிராயர் போல முன்னே வருகிறது.

எதுக்குக் கண்ணு அத்தனை பெரிசு? பையன் பார்த்துப் பயந்துட்டான்.

அந்தப் பையன்தான் நல்ல கேள்வி கேட்டான்: "அது ஏன் முறைக்குது?"

பகலில் இது 200 மீட்டருக்குக் கீழே இருக்கும். 590 மீட்டர் ஆழம் வரை பதிவாகியிருக்கிறது. அங்கே வெளிச்சம் என்றால் நிலா இல்லாத ராத்திரியில் தோட்டத்துச் சாளை வீட்டுக்குள் இருக்கும் வெளிச்சம். இரவானதும் மேலே ஏறி வந்து வேட்டையாடும். விடியும்போது மறுபடி இறங்கும். அதாவது இது வெளிச்சத்தையே பார்க்காத மாதிரி ஒரு நாள்கணக்கு வைத்திருக்கிறது. கிடைக்கிற துளி வெளிச்சத்தையும் வாங்கிக்கொள்ள வாசல் பெரிதாக வேண்டும்.

பெரிய வாசல் மட்டும் போதவில்லை. அந்தப் பையனிடம் கடை லைட்டை அணைக்கச் சொல்லிவிட்டு, செல்போன் டார்ச்சை மீனின் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். ஐஸில் இரண்டு நாள் கிடந்த மீன். ஆனாலும் உள்ளிருந்து பச்சையாக ஒளி திரும்பி வந்தது. பெருந்துறை ரோட்டில் ராத்திரி வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது புதிதல்ல. எதிரே மாடு நின்றால் முதலில் தெரிவது கண்தானே? அதே ஏற்பாடுதான். விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போல ஓர் அடுக்கு. ஒருமுறை தப்பிப் போன ஒளியை அது திருப்பி அனுப்பி, விழித்திரைக்கு இரண்டாவது வாய்ப்புக் கொடுக்கும். பையன் பயம் போய், எங்கள் கடைப் பூனைக்கும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.

வயித்தைக் கீறினதும் பூரா ஈரலாவே இருந்துச்சே, நோயா?

நோய் இல்லை, அதுதான் அதன் மிதவை. ஈரலை மட்டும் தனியாகத் தராசில் போட்டேன்: 710 கிராம். உடம்பு எடையில் ஆறில் ஒரு பங்கு. இந்த இனத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை போகும். சாம்பலும் மஞ்சளும் கலந்த இரண்டு நீள மடல்கள், கைபட்டால் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும்.

பவானிசாகர் கட்லாவை வெட்டினால் உள்ளே வெள்ளையாக ஒரு காற்றுப்பை வரும், பார்த்திருப்பீர்கள். அதுதான் அதை மூழ்காமல் வைத்திருக்கிறது. எந்தச் சுறாவுக்கும் அந்தப் பை கிடையாது. அதற்குப் பதில் ஈரலில் எண்ணெய், அதிலும் ஸ்குவாலீன் என்ற தண்ணீரைவிட லேசான பொருள்.

இந்த மீனுக்குக் காற்றுப்பை இருந்திருந்தால் திண்டாடிப் போயிருக்கும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 300 மீட்டரில் மேற்பரப்பைப் போல 31 மடங்கு அழுத்தம். பையில் உள்ள காற்று சுருங்கி ஒன்றுமில்லாமல் போகும். மேலே வரும்போது ஊதிப் பெருக்கும். தினமும் ஏறி இறங்குகிற பிழைப்புக்கு அது ஒத்துவராது. எண்ணெய் அப்படிச் சுருங்காது. எந்த ஆழத்திலும் மூழ்காமல், மேலெழும்பாமல், துடுப்பை அடித்துக்கொண்டே இருக்கத் தேவையில்லாமல் நிற்கலாம். துடுப்புகள் அத்தனை சின்னதாக இருந்தும் சமாளிப்பது இதனால்தான்.

ஒரு பழைய கதை: இரண்டாம் உலகப்போரின்போது வெளிநாட்டிலிருந்து காட் மீன் எண்ணெய் வருவது நின்றபோது, அன்றைய சென்னை மாகாணத்தில் கோழிக்கோட்டில் சுறா ஈரல் எண்ணெய் எடுத்துத்தான் வைட்டமின் ஏ-க்குச் சமாளித்தார்கள். எங்கள் தாத்தா அதை ஸ்பூனில் வாங்கிக் குடித்த நினைவைச் சாகும்வரை முகம் சுளித்தே சொன்னார்.

முட்டை போடுமா, குட்டி போடுமா? ஒரு ஈத்துக்கு எத்தனை?

குட்டிதான். ஒரு ஈத்துக்கு நாலு. அந்த நாலு எப்படி வருகிறது என்பதை உட்கார்ந்து கேட்க வேண்டும்.

தாய்க்கு இரண்டு கருப்பைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு குட்டிகள். கருவோடு வந்த மஞ்சள் கரு ஆரம்பத்தில் கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும். பாலூட்டிகளுக்கு இருப்பது போலத் தொப்புள்கொடி இணைப்பு இதற்கு இல்லை. (பால் சுறாவுக்கு உண்டு! அது நம்மைப் போலவே நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்கு ஊட்டும்.) அப்புறம் சாப்பாடு எங்கிருந்து? தாய் முட்டை விட்டுக்கொண்டே இருக்கும். கரு உருவாகாத முட்டைகள், பை பையாக. குட்டிகள் கருப்பைக்குள்ளேயே அதைத் தின்று வளரும். வயிறு மஞ்சள் கருவால் ஊதிப்போய்க் கிடக்கும்.

இதன் பங்காளிகளில் மணல்புலிச் சுறா என்று ஒன்று. அதில் முதலில் பெரிதாகிற குட்டி, முட்டையோடு சேர்த்துக் கூடப் பிறக்கவேண்டிய தம்பி தங்கைகளையும் தின்றுவிடும். கருப்பைக்கு ஒன்றுதான் மிஞ்சும். முதலைச் சுறாவில் இரண்டு எப்படி ஒன்றை ஒன்று விட்டுவைக்கின்றன என்பது எனக்கு இன்னமும் ஆச்சரியம்.

பிறக்கும்போது குட்டி சுமார் 40 செ.மீ. ஒரு மீட்டர் தாய்க்கு 40 செ.மீ. குட்டி, அதுவும் நான்கு! காங்கேயம் மாடு ஒரு கன்றுதான் போடும், சரி. ஆனால் நாம் மீன் என்றால் கட்லாவை நினைக்கிறோம். அது ஒரே பருவத்தில் லட்சக்கணக்கில் முட்டையிடும். பத்தில் ஒன்பது போனாலும் அணை நிறையும். நாலு போடுகிற ஜீவனில் ஒன்று போனாலே கால் பங்கு போச்சு.

எங்கள் கடைக்கு வந்தது ஆண். எப்படித் தெரியும் என்கிறீர்களா? அடிவயிற்றுத் துடுப்புகளின் உள்பக்கம் விரல் மாதிரி இரண்டு நீட்சிகள் இருக்கும். கெட்டியாக இருந்தால் வளர்ந்த ஆண், துவண்டால் குட்டி. இது கெட்டி.

என்ன தின்னும்?

கணவாய், இறால், இருட்டில் மினுங்கும் சின்ன விளக்கு மீன்கள். அவையும் ராத்திரி மேலே வருபவைதான். இரை ஏறினால் இதுவும் ஏறும். எங்கள் மீன் வயிற்றில் கணவாயின் கிளி மூக்கு மாதிரியான அலகு இரண்டு கிடந்தது. மற்றதெல்லாம் கூழ்.

ஆளைக் கடிக்குமா?

கடலில் இது ஆளைத் தாக்கியதாகப் பதிவே இல்லை. கரையோரம் இது வருவதும் அபூர்வம். படகில் தூண்டில் கழற்றுகிறவர் விரலுக்கு மட்டும் ஆபத்து.

ஆனால் இது கடித்து உலகப் பிரசித்தம் ஆன சாமான் ஒன்று உண்டு. 1985-ல் கேனரி தீவுகளில், கிரான் கனாரியாவுக்கும் டெனெரிஃபேவுக்கும் நடுவே, ஆழ்கடலில் முதன்முதலாக ஃபைபர் கேபிள் போட்டார்கள். போட்ட கொஞ்ச காலத்தில் திரும்பத் திரும்பப் பழுது. இழுத்துப் பார்த்தால் உறையில் பல் குத்தி நிற்கிறது. யார் பல் என்று தேடினால் இந்த மூன்றடி ஆள்! சுறாக்களின் மூக்கில் சன்னமான துளைகள் உண்டு. மற்ற ஜீவன்களின் தசையிலிருந்து கசியும் மின்சாரத்தைக்கூட அவை உணரும். கேபிளைச் சுற்றி இருந்த மின்புலம் இதற்கு இரை மாதிரித் தோன்றியிருக்கலாம் என்பது விளக்கம். பிறகு உறைக்குள் எஃகுப் பட்டை சுற்றிச் சரிசெய்தார்கள். அடுத்த முறை வீட்டில் நெட் போனால் சுறாவைத் திட்டாதீர்கள். நம்ம தெருவில் அது ஜேசிபி வேலை.

யாருக்கும் வேண்டாத மீன்னு சொல்றீங்க. பின்னே எப்படிப் பெட்டிக்குள்ள வந்துச்சு?

இதுதான் எனக்கு முக்கியமான கேள்வி.

பெருந்துறை, அவல்பூந்துறை என்று துறை துறையாகப் பேர் வைத்திருக்கிறோம், கடல் மட்டும் இல்லை. ஆனாலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோயம்புத்தூரிலிருந்து கொச்சி 190 கி.மீ. தான். தூத்துக்குடியும் ராமேஸ்வரமும் அதைவிட வெகு தூரம். அதனால் உக்கடத்துக்கும் ஈரோட்டுக்கும் அரபிக்கடல் மீன் நிறைய வருகிறது.

கொச்சியில் இறங்கும் ஆழ்கடல் மீனில் கணிசமான பங்கு கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர்ப் பக்கத்து ஆட்கள் பிடித்தது. ஆயிரங்கால் தூண்டிலில் அவர்கள் பேர் போனவர்கள். ஒரு தாய்க் கயிறு, கிலோமீட்டர் கணக்கில். அதிலிருந்து கிளைக் கயிறுகள், கிளைக்கு ஒரு தூண்டில், தூண்டிலில் ஓர் இரை. குறி சூரை, கேரை, மயில் மீன். தூண்டிலுக்கு அது தெரியுமா? இரையாகக் கணவாயை மாட்டி, ராத்திரி, மேல்மட்ட நீரில் விட்டால், முதலைச் சுறா எந்த நேரத்தில் எங்கே எதைத் தேடி வருமோ, அந்த நேரத்தில் அங்கே அதையே தட்டில் வைத்துக் கொடுத்தது போல் ஆகிறது. உலகம் முழுக்க வெப்பக் கடல்களில் சூரைக்குத் தூண்டில் போடும் படகுகளில் இது மாட்டுகிறது.

மாட்டினதும் தூக்கி எறிவார்கள். சதை நீர்த்தது, உருவம் சின்னது, விலை இல்லை. ஐஸும் இடமும் சூரைக்கு வேண்டும். பல படகுகளின் கணக்கில் இது "இதர சுறா" என்றுதான் போகும், அல்லது போகவே போகாது. எங்கள் பெட்டிக்கு வந்தது யாரோ இருட்டில் சேர்த்துப் போட்டது.

யோசித்துப் பாருங்கள். மேலே நான் சொன்ன கண், ஈரல், நாலு குட்டி, அலகு எல்லாம் மனிதனுக்கு எப்படித் தெரிந்தது? இதைக் கடலில் பின்தொடர்ந்து பார்த்தவர்கள் வெகு சொற்பம். யாரோ சூரைக்குப் போட்ட தூண்டிலில் தவறி மாட்டி ஏறிய மீன்களை, தூக்கி எறியும் முன் ஒருவர் எடுத்து அறுத்துப் பார்த்ததால்தான் அத்தனையும் தெரிந்தது. வயதைக்கூட முதுகெலும்பைக் குறுக்கே வெட்டி, மரத்தில் வளையம் எண்ணுவது போலத்தான் எண்ணுகிறார்கள்.

தூக்கி எறியறப்ப உசிரோட இருக்குமா?

பெரும்பாலும் இருக்கும். அட்லாண்டிக்கில் தூண்டில் படகுகளில் எண்ணிப் பார்த்தபோது, படகுக்கு வந்து சேரும் முதலைச் சுறாக்களில் பெரும்பங்கு உயிரோடு இருந்தன. கொம்பன் சுறா அப்படியல்ல. மாட்டினால் சீக்கிரம் செத்துவிடும். ஆகவே இதைப் பொறுத்தவரை படகுக்காரர் அந்த அரை நிமிடத்தில் என்ன செய்கிறார் என்பதில் விஷயம் இருக்கிறது. கொக்கியை முறுக்கிப் பிடுங்கி, தாடையைக் கிழித்து, பக்கப் பலகையில் அடித்து எறிந்தால் உயிரோடு எறிந்தும் பயன் இல்லை. தண்ணீரிலேயே வைத்துக் கயிற்றைக் கொக்கிக்குப் பக்கத்தில் வெட்டிவிட்டால் போதும்.

அழிஞ்சுட்டு வருதுங்களா?

சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் முன்பு இதை ஆபத்தை நெருங்கும் இனம் என்று வைத்திருந்தது. இப்போது கவலை குறைந்த பிரிவுக்கு மாற்றியிருக்கிறது. மூன்று பெருங்கடல்களிலும் பரவியிருக்கிறது, யாரும் தேடிப் பிடிப்பதில்லை. நான் அதில் முழு நிம்மதி அடையமாட்டேன். நாலு குட்டிக் கணக்கும் "இதர" கணக்கும் சேர்ந்தால் குறைவது தெரியவே நாளாகும். ஆனால் நாம் கவலைப்பட வேண்டிய சுறா நம் தட்டில்தான் இருக்கிறது: பால் சுறா, ஊறு நேரும் நிலையில் உள்ள இனமாகப் பட்டியலில் இருக்கிறது.

இதுல புட்டு வைக்கலாமுங்களா?

விஷம் இல்லை. ஆனால் உதிர்த்தால் பால் சுறா மாதிரிப் பூவாக வராது, நீர்விட்டுக் குழையும். நான் விற்கவில்லை.

நாற்றம் பற்றி எல்லாரும் கேட்பதால் சொல்கிறேன். சுறாக்கள் உப்புக் கடலில் நீர் இழக்காமல் இருக்க யூரியாவைச் சதையிலேயே தேக்கி வைக்கும். செத்த பிறகு பாக்டீரியா அதை அம்மோனியாவாக்கும். நல்ல சுறா மூக்கை அடிக்காது. அடித்தால் பழையது, மஞ்சளும் புளியும் போட்டு மறைக்கப் பார்க்காதீர்கள்.

இன்னொன்று, எங்கள் அம்மாவுக்கே கோபம் வந்த பேச்சு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற பால் சுறாப் புட்டு என்பது நம் பக்கத்தில் கேள்வி கேட்காத வழக்கம். புரதம் நல்லதுதான். ஆனால் சுறா மற்ற மீனைத் தின்னும் மீன். சின்ன மீன்களில் உள்ள பாதரசம் எல்லாம் அதில் வந்து சேரும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் குழந்தைகளும் தவிர்க்க வேண்டிய மீன்களில் சுறாவை வைத்திருக்கிறது. பாலூட்டும் அம்மாவுக்கென்று கேட்டு வருகிறவர்களுக்கு இப்போது நான் மத்தி கட்டித் தருகிறேன். வியாபாரம் கொஞ்சம் அடிவாங்கும், பரவாயில்லை.

சுறா வித்தா கேஸ் ஆகுமாமே?

எல்லாச் சுறாவும் இல்லை. திமிங்கலச் சுறா, கங்கைச் சுறா, வாள் சுறா என்று நாம் சொல்லும் ரம்ப மூக்கு மீன்கள் போன்றவை 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில். சுறாத் துடுப்பு ஏற்றுமதிக்கு 2015 முதல் தடை. வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் முதலைச் சுறா இல்லை. பால் சுறாவின் குடும்பம் முழுவதும் 2022-ல் சேர்க்கப்பட்டது. அதனால் பால் சுறாவைக் கொங்கு நாட்டில் விற்கலாம், வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதிச் சீட்டு வேண்டும்.

கடைசியில அந்த மீனை என்னதான் பண்ணுனீங்க?

படித்த கல்லூரிக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஈரல் எடுத்த பள்ளத்தில் பஞ்சு வைத்துத் தைத்து, ஃபார்மலின் பாட்டிலில் தலைகீழாக நிற்க வைத்திருக்கிறார்கள்; சீட்டில் "கொச்சி வழி, ஈரோடு" என்று எழுதினேன். போன மாதம் அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு போனேன். டார்ச் எடுத்து வந்திருந்தான். கண் வெள்ளையாகிவிட்டதால் ஒன்றும் திரும்பி வரவில்லை.